நிரல் பெயர்ப்பு: சொல்லா, பொருளா?

‘கண்மூடினார்’ என்பதற்கு ‘இறந்தார்’ என்றும் பொருள் உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் வேற்றுமொழியில் பெயர்த்தால் மறைந்தவர் உறங்கியவராகிவிடுவார். கணினி மொழிகளுக்கும் இது பொருந்தும். ஒரு மொழியில் எழுதிய நிரலை மற்றொரு மொழிக்கு மாற்றுகையில் நாம் பெயர்க்க வேண்டியது குறிகளையா, பொருளையா என்பதை இங்குக் காண்போம்.

மாற்றம் ஏன்?

ஃபோர்ட்ரான் 1957-இல் வெளிவந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1972-ஐ ஒட்டி சி மொழியை உருவாக்கினார். பைத்தான் 1991-இல் வந்தது. மொழிகள் மாறினாலும் பழைய நிரல்கள் செய்த வேலை நின்றுவிடக் கூடாது. ஆதலால் நிரல் மாற்றம் தேவையாகிறது.

மீதியில் வேறுபாடு

ஞாயிறு 0, திங்கள் 1 எனத் தொடங்கி, சனி 6 என எண்ணிடுவோம். ஞாயிற்றுக்குப் பத்து நாள் முன்பு என்ன கிழமை? 0-இலிருந்து 10-ஐக் கழித்து, 7-ஆல் வகுத்து மீதி காண வேண்டும். பைத்தானில் -10 % 7 என்று எழுதினால் 4 வரும், அது வியாழன். சரியான விடையே. அதே வரியைச் சி மொழியில் எழுதினால் -3 வரும். அப்படியொரு கிழமை உலகில் இல்லை! காரணம் என்ன? பைத்தான் ஈவைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குகிறது. சி மொழியோ பின்னப் பகுதியை வெட்டிவிடுகிறது. எனவே சி மொழியில் கிடைத்த மீதியுடன் 7-ஐக் கூட்டி, மறுபடியும் 7-ஆல் வகுத்து மீதி காண வேண்டும்.

எண்ணத் தொடங்கும் இடம்

ஃபோர்ட்ரான் அணியின் முதல் உறுப்பு வழக்கமாக 1. சி மொழியில் அது 0. அறுபது மாணவர் மதிப்பெண்களை 1 முதல் 60 வரை என்றே சி மொழிக்குக் கொண்டுவந்தால், கடைசி மாணவனின் மதிப்பெண் அணிக்கு வெளியே போய் விழும். பிழைச்செய்தி வரும் என்ற உறுதியும் இல்லை.

காசுக் கணக்கு

கோபோல் மொழி பணத்தைப் பதின்ம எண்ணாகவே வைத்துக் கணக்கிட வல்லது. அந்நிரலைப் பைத்தானின் மிதவைப் புள்ளி எண்களுக்கு மாற்றி, 0.1-ஐப் பத்து முறை ஒவ்வொன்றாகக் கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும். இரும முறையில் 0.1 முடிவுறாப் பின்னம் என்பதே காரணம். இதற்கெனப் பைத்தானில் டெசிமல் என்ற தனி வகை உள்ளது.

செய்ய வேண்டுவன

முதலில் பழைய நிரலின் நோக்கத்தை அறிதல் வேண்டும். பிறகு சிறு சிறு பகுதிகளாக மாற்ற வேண்டும். ஒரே உள்ளீட்டைப் பழையதற்கும் புதியதற்கும் கொடுத்து விடைகளை ஒப்பிட வேண்டும். சுழி, எதிர்ம எண், மிகப் பெரிய எண் ஆகியவற்றைத் தவறாது கொடுத்துப் பார்க்க வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் மாற்றித் தருகின்றன. அவற்றின் விடைக்கும் இச்சோதனை உண்டு.

முடிவுரை

கூலி, ஓய்வூதியம், சேமிப்பு வட்டி ஆகியவற்றை இன்று நிரல்களே கணக்கிடுகின்றன. அவற்றில் ஒரு ரூபாய் குறைந்தாலும், பள்ளிப் படிப்பையே எட்டாத எங்கள் பெற்றோர் போன்றோர் அதைக் கண்டறிவது எங்ஙனம்? ‘கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது’ என்று திரும்பிவிடுவர். அவர்கள் சார்பில் சரிபார்க்கும் கடமை, படிக்க வந்துள்ள நமக்கு உண்டு. நிரல் ஓடினால் மட்டும் போதாது, நண்பர்களே. விடை நேராக இருத்தல் வேண்டும்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர், கணினி அறிவியல்