வேலை போன 39 வயசுக்காரரும் ஒரு 5 டாலரும்

1981-ல நியூயார்க்கில் சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்தை இன்னொரு கம்பெனி வாங்கினப்போ, 15 வருஷம் அங்கே உழைச்ச ஒருத்தரை "நீங்க கிளம்பலாம்"னு அனுப்பிட்டாங்க. அவர் மைக்கேல் புளூம்பெர்க். அப்போ வயசு 39.

"வேலை போச்சு, கோடீஸ்வரர் ஆனார்"னு இந்தக் கதையைச் சொல்ற வீடியோக்கள் நிறைய பார்த்திருப்பீங்க. அதுல ஒரு விஷயத்தை லேசா விட்டுடுவாங்க. வெளியே வரும்போது, பார்ட்னரா அவருக்குச் சேர வேண்டிய பங்கு சுமார் 1 கோடி டாலர் கையில் இருந்தது. நமக்கு வேலை போனா அடுத்த மாச இஎம்ஐதான் முதல்ல ஞாபகம் வரும். அவரால தைரியமா யோசிக்க முடிஞ்சதுக்கு அந்தப் பணம் பெரிய காரணம். அதனால இதைப் படிச்சுட்டு நாளைக்கே ராஜினாமா கடிதம் எழுதிடாதீங்க, ப்ளீஸ்.

இன்னொன்னும் இருக்கு. 1979-லயே அவரை டிரேடிங்கிலிருந்து தூக்கி கம்ப்யூட்டர் பிரிவுல போட்டுட்டாங்க. அந்தக் காலத்துல அது ஓரங்கட்டுற வேலை. ஆனா பாண்டு விலை விவரங்களை ஒரே திரையில கொண்டு வந்தா எவ்வளவு பயன்படும்னு அவருக்குப் புரிஞ்சது அங்கேதான். அந்த யோசனைதான் புளூம்பெர்க் டெர்மினல். முதல் வாடிக்கையாளர் மெரில் லிஞ்ச். பின்னாடி அவங்களே 3 கோடி டாலர் போட்டு 30% பங்கு வாங்கினாங்க.

2002 ஜனவரியில நியூயார்க் மேயர் ஆனார். 12 வருஷம், வருஷத்துக்கு 1 டாலர் சம்பளம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு தடவைக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதியை 2008-ல மாத்தித்தான் மூணாவது தடவை நின்னார். தெருவில் போறவங்களை போலீஸ் நிறுத்தி சோதனை போட்ட நடைமுறைக்கு 2019-ல மன்னிப்பும் கேட்டார். 2020-ல ஜனாதிபதி வேட்பாளர் போட்டிக்கு சொந்தப் பணம் 100 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி, ஜெயிச்சது அமெரிக்கன் சமோவாங்கிற குட்டித் தீவுப் பகுதியில மட்டும்! பணத்தால எல்லாத்தையும் வாங்க முடியலை.

எனக்கு இவர்கிட்ட பிடிச்சது கொடுக்குற பழக்கம்தான். அப்பா ஒரு பால் நிறுவனத்துல கணக்கர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல கடன் வாங்கியும், பார்ட் டைம் வேலை பார்த்தும் படிச்சார். 1964-ல பட்டம். அடுத்த வருஷம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே முதல் நன்கொடை அனுப்பினார்: 5 டாலர். அப்போ அவர் ஹார்வர்டில் எம்பிஏ மாணவர். மாசச் சம்பளம்கூட கிடையாது. 2018-ல அதே இடத்துக்கு 180 கோடி டாலர் கொடுத்தார், பணமில்லாத பசங்க கடன் இல்லாம படிக்கிறதுக்காக. 2024-ல மருத்துவ மாணவர்களுக்காக இன்னொரு 100 கோடி.

"செட்டில் ஆனப்புறம் கொடுக்கலாம்"னு நாம சொல்ற தேதி வரவே வராது. இந்த மாசமே பட்ஜெட்ல எமர்ஜென்சி ஃபண்டுக்கு ஒரு வரி, அதுக்குக் கீழே 200 ரூபாய்க்கு இன்னொரு வரி எழுதுங்க. நீங்க படிச்ச ஸ்கூலுக்கே அனுப்பலாம்.

ஒரு சின்னக் குறிப்பு: நன்கொடைக்கான வரிச்சலுகை பழைய வரி முறையில இருக்கறவங்களுக்குத்தான். அதுலயும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா கணக்குல வராது. யுபிஐ-லயோ பேங்க் மூலமாவோ அனுப்பி, ரசீதை வாங்கி வெச்சுக்கோங்க.