வீட்டோடு ஊருக்குப் போவது எப்படி?

கர்நாடகத்தில் பொங்கலுக்கு ஒரே நாள்தான் விடுமுறை. அங்கே அது மகர சங்கராந்தி. மறுநாள் காலை அலுவலகம் திறந்துவிடும். தமிழ்நாட்டிலோ பொங்கல், மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் என்று மூன்று நாள். இந்த இரண்டு நாள் வித்தியாசத்தில்தான் பெங்களூர்த் தமிழர்கள் வருடாவருடம் அல்லாடுகிறார்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும் (2024 அக்டோபர் வரை அது 120 நாள்). கண் மூடித் திறப்பதற்குள் காத்திருப்போர் பட்டியல். ஆம்னி பஸ்ஸின் பண்டிகைக் கட்டணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கவலையெல்லாம் இல்லாத ஒரு சின்னக் கூட்டம் இதே ஊரில் இருக்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, டெம்போ டிராவலர் போன்ற வண்டிக்குள் கட்டிலும் அடுப்பும் தண்ணீர் டேங்கும் வைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்த இடத்தில் அலுவலகம் என்று வாழ்பவர்கள். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் இவர்களுக்கும் அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போயாக வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் வழக்கம் இவர்களுக்கு இல்லை, வீடே கூட வருகிறது. சிக்கலும் அங்கேதான்.

ஒரு மாதம் முன்பு: காகிதம்

முதலில் வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யை எடுத்துப் பார்க்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், மத்திய அரசின் வகைப்பாட்டில் போக்குவரத்து சாராத வாகனம், வெள்ளை போர்டு. வாடகைக்கு ஓடும் மோட்டார் கேரவன் போக்குவரத்து வாகனம். மஞ்சள் போர்டு, பெர்மிட் எல்லாம் உண்டு. வாடகை வண்டியில் போகிறவர்கள் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டும் முன் தமிழ்நாட்டுக்குள் செல்லும் பெர்மிட் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்டுவிட வேண்டும்.

இதைவிட முக்கியம், வண்டி முறைப்படி கேம்பராகப் பதிவாகியிருக்கிறதா என்பது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. தெரிந்த பட்டறையில் சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டுவிட்டு, ஆர்.சி.யில் பழையபடி பயணிகள் வேன் என்றே விட்டுவைப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு முரண். 2021 ஆகஸ்டில் கேரளத்தில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வேனிலேயே ஊர் சுற்றிக் காணொளி போட்டுப் புகழ்பெற்ற சகோதரர்கள் இருவரின் வண்டியை, விதிமீறிய மாற்றங்களைச் சுட்டிக்காட்டி மோட்டார் வாகனத் துறை கண்ணூரில் பிடித்து வைத்தது. விவகாரம் கைது வரை போனது. பண்டிகை நேரத்தில் மாநில எல்லையில் வண்டியை இழந்தால் அது வண்டி போன கதையோடு நிற்காது. படுக்கை, சமையல், மாற்றுத் துணி எல்லாம் சேர்ந்து போய்விடும். மாற்றம் செய்ததை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

கர்நாடகப் பதிவு எண்ணோடு தமிழ்நாட்டில் சில வாரம் நிற்பதில் பிரச்சினை இல்லை. வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் மறுபதிவு.

ஒரு வாரம் முன்பு: டேப்பும் தராசும்

ஒரு டேப்பை எடுத்து வண்டியின் உயரத்தை அளக்க வேண்டும். கூரை ஏ.சி., சோலார் பலகை, டிஷ் எது துருத்திக்கொண்டிருந்தாலும் அதன் உச்சியிலிருந்து அளவு. அதை மீட்டரிலும் அடியிலும் தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் இது பெரிதாகத் தேவைப்படாது. கடைசி பத்து கிலோமீட்டரில்தான் ரயில்வே சுரங்கப்பாலத்தின் இரும்புக் குறுக்குக் கம்பி, ஊர் நுழைவு வளைவு, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, புளியமரக் கிளை என்று வரிசையாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை கனத்திருந்தால் சுரங்கப்பாலத்தில் தை மாதத்திலும் தண்ணீர் நிற்கலாம்.

அடுத்தது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நான்கு பேருக்கு ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம் மூன்று நாள் என்றால் 120 லிட்டர். இன்னும் இரண்டு பெரிய ஆட்களை ஏற்றியது போல. வழியில் பங்க்குகளில் தண்ணீர் கிடைக்கும் என்பதால் பாதி டேங்கோடு கிளம்பினால் போதும். ஊருக்கு அருகில் வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.

காஸுக்கு வீட்டுச் சிவப்பு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் பல பங்க்குகளிலேயே 5 கிலோ சிலிண்டர் தருகிறார்கள். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை மூடியே வைக்க வேண்டும். காஸ் கசிவைக் காட்டும் அலாரம் இல்லாத வண்டியில் பிள்ளைகளைத் தூங்க வைக்கக் கூடாது. இதில் பேரம் கிடையாது.

பட்டறை வேலை எது பாக்கி இருந்தாலும் இந்த வாரமே முடித்துவிட வேண்டும். போகும் வழியில் நாமக்கல் லாரி பாடிக்கும் கரூர் பஸ் பாடிக்கும் பேர்போனவை. கேம்பரின் கதவுக் கீல் முதல் கூரைக் கசிவு வரை அந்தப் பட்டறைக்காரர்களின் கை வைத்தால் சரியாகும். ஆனால் மாட்டுப் பொங்கலன்று அவர்களும் ஊரில் இருப்பார்கள்.

புறப்படும் நாள்

போகிக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு சில்க் போர்டு வழியாகக் கிளம்புவது போல் முட்டாள்தனம் வேறில்லை. அந்த நேரத்தில் எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, ஓசூர் மூன்றும் ஒரே வரிசையாகச் சேர்ந்துகொள்ளும். ஒன்று, இரண்டு நாள் முன்பே பகலில் கிளம்ப வேண்டும். வண்டியிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு இது கைவந்த சலுகை. இல்லை, அதிகாலை மூன்று மணி. மேற்கு பெங்களூரில் நிறுத்தியிருப்பவர்கள் நகருக்குள் நுழையாமல் நைஸ் ரோடு பிடித்து ஓசூர் சாலையில் வந்து சேரலாம்.

ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்பதோடு, அதில் வண்டி எந்த வகுப்பில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பு தவறாக இருந்தால் டோல்கேட்டில் வாக்குவாதம், பின்னால் நூறு வண்டியின் ஹாரன். டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதல் கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. ஃபாஸ்டேக் வருடாந்தரப் பாஸ் சொந்த கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். பெரிய சேஸிஸில் கட்டிய கேம்பருக்கு அது கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக மதுரைக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. சேலம் சுமார் 200 கிலோமீட்டர், மதுரை 435, திருநெல்வேலி 590. காரில் ஏழெட்டு மணி நேரத்தில் மதுரை போகிறவர்களைப் பார்த்து கேம்பரில் அதே கணக்குப் போட வேண்டாம். 70 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஓட்டி, மதுரைக்கு மேல் போகிறவர்கள் இடையில் ஓர் இரவு தங்குவதே சரி. கோவைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொள்ளேகால், திம்பம் வழி தூரத்தில் குறைவாகத் தெரியும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள்; புலிகள் காப்பகம் என்பதால் 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடும் உண்டு. சேலம், அவிநாசி வழியே போவது நல்லது.

வண்டி ஓடும்போது எல்லோரும் பெல்ட் உள்ள சீட்டில். கட்டிலில் பாட்டியைப் படுக்க வைத்துக்கொண்டு ஓட்டுவது வசதியாகத் தோன்றும். ஒரு திடீர் பிரேக்கில் அவர் சமையல் மேடையில் போய் மோதுவார்.

தொப்பூர்

இந்தச் சாலையில் பயப்பட வேண்டிய ஒரே இடம் என்றால் அது தொப்பூர் கணவாய்தான். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருளவிடுவதும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும்தான் அங்கே லாரிகள் அடுத்தடுத்து மோதிக்கொள்வதற்கு முக்கியக் காரணம். கேம்பரும் கிட்டத்தட்ட அதே ரகம்: கனம் அதிகம், மேல்பாகம் உயரம், உள்ளே தண்ணீர் தளும்புகிறது. இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு, தேவைப்பட்டால் இரண்டாவதுக்கு இறக்கி, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காமல் விட்டு விட்டு அழுத்த வேண்டும். இடது பாதையை விட்டு விலகக் கூடாது. பின்னால் வரும் லாரி ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். மார்கழிக் கடைசியில் விடியற்காலைப் பனிமூட்டமும் சேர்ந்துகொள்வதால், அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பியவர்கள் கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஒரு காபிக்கு நிறுத்தி, வெளிச்சம் வந்த பிறகு தொப்பூரைத் தொட்டால் உத்தமம்.

இரவு தங்க நெடுஞ்சாலை ஓரம் ஆகவே ஆகாது. நின்ற வண்டியில் பின்னால் வந்த வண்டி மோதியது என்ற செய்தி நாளிதழில் வாரம் தவறுவதில்லை. பெரிய பங்க்கிலோ ஹோட்டல் வளாகத்திலோ மேலாளரிடம் கேட்டு, அங்கேயே டீசல் போட்டு அல்லது சாப்பிட்டு, வெளிச்சமான மூலையில் நிறுத்தலாம். பங்க்குக்குள் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

வாசல்

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் சிறுவர்கள் ஓடி வருவார்கள். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் சினிமா நடிகர் உடை மாற்றும் வண்டி என்றுதான் அர்த்தம். “எந்த நடிகர் வந்திருக்காரு?” என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும். கொஞ்சம் வயதானவர்களுக்குத் தெலுங்கு நடிகர் என்.டி. ராமராவ் நினைவுக்கு வரலாம். 1982-ல் கட்சி தொடங்கியவர் பழைய செவர்லே வேனை சைதன்ய ரதமாக்கி, அதிலேயே தங்கி ஆந்திரத்தைச் சுற்றினார்.

நிறுத்தும் இடத்தை முன்கூட்டியே போனில் பேசி முடிவு செய்ய வேண்டும். வாசலில் நேராகக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பொங்கல் காலையில் வாசல் கோலத்துக்கானது. இரவு பதினொரு மணிக்கு வண்டியை ஒதுக்கிவிட்டுத் தூங்கப் போனால், நான்கு மணிக்குச் சாணம் தெளிக்க வாளியோடு வரும் பெரியம்மா சக்கரத்தைச் சுற்றித்தான் தெளிப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அந்த வருடம் தெருவிலேயே அந்த வீட்டுக் கோலம் மட்டும் அரைவட்டமாக இருக்கும். களம், கல்யாண மண்டப வளாகம், பள்ளி மைதானம் என்று கெட்டித் தரையாகப் பார்க்க வேண்டும். வயல் வரப்பு ஓரம் மேலே காய்ந்தும் உள்ளே சேறாகவும் இருக்கும். பின்சக்கரம் இறங்கினால் டிராக்டர்தான் கதி. மதுரைப் பக்கம் போகிறவர்கள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் சல்லிக்கட்டு நாள்களில் பாதை மாற்றம் இருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு வீட்டு ஜன்னல் வழியே மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, பழைய பிளக்கில் சொருகி, அதில் ஏ.சி. ஓட்டினால் வயர் உருகும். கிரைண்டருக்கோ மோட்டாருக்கோ போட்ட 16 ஆம்பியர் பிளக், எர்த் சரியாக இருக்கிறதா என்ற சோதனை, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்: இவ்வளவும் இருந்தால் மட்டும் இணைக்கலாம். 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பதே சுமார் இரண்டரை யூனிட். ஒரு டன் ஏ.சி. அதை மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிடும். தை மாதக் குளிரில் ஏ.சி. எதற்கு? ஃபிரிட்ஜ், விளக்கு, போன் என்றால் அதே பேட்டரி இரண்டு மூன்று நாள் தாங்கும், கூரையில் வெயிலும் கிடைக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வரை மட்டுமே இலவசம் என்பதால், வண்டி இழுக்கும் யூனிட் சித்தப்பாவின் பில்லில் தெரியும். அவரிடம் காசாகக் கொடுத்தால் வாங்க மாட்டார். வேறு வகையில் ஈடுகட்டுவது அவரவர் சாமர்த்தியம்.

கழிவறைத் தொட்டியை வீட்டின் செப்டிக் டேங்க் கழிவறையில் மட்டுமே காலி செய்யலாம், அதுவும் கேட்டுக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில். வாய்க்கால், கண்மாய், காலி மனை எதுவும் கூடாது. நாற்றம் போக்கும் மருந்து போட்டிருந்தால் செப்டிக் டேங்கின் கிருமிகள் செத்துவிடும்; கடைசி மூன்று நாள் வெறும் தண்ணீரே போதும்.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு உண்மையான சோதனை வரும். “ஏப்பா, இத்தனை பெரிய வீடு இருக்க வண்டியிலயா படுக்கப் போறீங்க?” அத்தை கேட்பது அக்கறையும் கோபமும் கலந்த கேள்வி. வீட்டில் படுக்க மாட்டேன் என்பது அவர் காதில் உங்கள் வீடு எனக்கு ஆகாது என்றுதான் விழும். ஆகவே முதல் இரவு, முதுகு வலித்தாலும், கூடத்தில் எல்லோரோடும் பாய் விரித்துப் படுத்துவிட வேண்டும். மறுநாள் விருந்தாளிகள் வந்து சேர்வார்கள், படுக்க இடம் போதாது. அப்போது பிள்ளைகளை வண்டிக்கு அனுப்பலாம். மூன்றாம் நாள் அத்தையே, “நான் கொஞ்சம் உள்ள சாஞ்சுக்கறேன்” என்று ஏறி வருவார். சமையலும் அப்படித்தான். வண்டி அடுப்பில் சாப்பாடு கூடாது. வீட்டு அடுப்புகள் நிரம்பி வழியும்போது இரண்டாவது காபிக்கு மட்டும் அதைப் பற்ற வைக்கலாம்.

திரும்பும்போது

காணும் பொங்கல் மாலையில் தமிழ்நாட்டின் பாதி ஓசூரை நோக்கிக் கிளம்பியிருக்கும். அவசரமில்லாதவர்கள் ஒரு நாள் தள்ளிப் புறப்படலாம். வேலை இருந்தால் களத்து நிழலிலேயே லேப்டாப்பைத் திறக்கலாம். கிளம்பும் முன் வயரைக் கழற்றி, தொட்டியைக் காலி செய்து, டயர் காற்றைப் பார்க்க வேண்டும். ஊரார் ஏற்றிவிடும் 25 கிலோ அரிசி மூட்டை, தேங்காய், வாழைத்தார் எல்லாம் தரையில், அச்சுக்கு மேலே வரும்படி அடுக்க வேண்டும். கரும்புக் கட்டையும் உள்ளேதான் வைக்க வேண்டும். கூரையில் கட்டினால் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிய உயரக் கணக்கு தவறிவிடும்.