நிழலை வைத்துப் பூமியை அளக்கலாம்

உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நம்புகிறார்கள். உண்மையில் தமிழகத்தின் எந்த ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நாள்தான் அப்படி நிற்கிறது. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வரும் அந்த நாட்களை நிழலில்லா நாள் என்கிறோம். நட்ட குச்சியின் நிழல் மறைவதை வேடிக்கை பார்த்ததோடு வகுப்புக்குத் திரும்பிவிடுவது பெரிய இழப்பு. அதே குச்சியால் பூமியின் சுற்றளவையே கண்டுபிடிக்கலாம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரடோஸ்தனிஸ் செய்ததும் இதுதான்.

ஏப்ரலில் தேர்வு நெருக்கும், ஆகஸ்டே வசதி. முதல் வேலை, வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு பள்ளிகள் கைகோப்பது. சென்னையும் கன்னியாகுமரியும் அருமையான ஜோடி: அட்சரேகையில் கிட்டத்தட்ட 5 பாகை வித்தியாசம்.

மரநிழல் விழாத சமதளத்தில், தரைக்கு மேல் 100 செ.மீ. நிற்கும்படி நேரான குச்சியை நட வேண்டும். தரைக்கு ரசமட்டம், குச்சிக்குத் தூக்குக்குண்டு. பக்கத்தில் கொத்தனார் இருந்தால் அவரையே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லலாம். சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது. பார்வை தரையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது குறிப்பது. 11:30 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும், 12 மணிக்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையும் நிழலின் நுனியில் புள்ளி வைக்க வேண்டும். மிகக் குறுகிய நிழல் விழும் கணமே அந்த ஊரின் உண்மையான நண்பகல். ஆகஸ்ட் 18 அன்று அது சென்னையில் 12:13 வாக்கிலும், மேற்கே தள்ளியுள்ள கன்னியாகுமரியில் 12:24 வாக்கிலும் வரும். கடிகாரம் 12 காட்டுகிறதே என்று அளந்தால் கணக்கு கெடும். நண்பகல் நிழல் வடக்கு தெற்காகக் கிடக்கும். அரண்மனைக்கு மனை வகுக்கக் கோல் நட்டு நிழல் பார்த்த செய்தி நெடுநல்வாடையிலேயே உண்டு.

சென்னையில் நிழல் மறையும் அன்று கன்னியாகுமரியில் சுமார் 8.7 செ.மீ. நிழல், அதுவும் தெற்கு நோக்கி விழும். 8.7-ஐ 100-ஆல் வகுத்து டேன்ஜென்ட் அட்டவணையில் பார்த்தால் 5 பாகை; இரு ஊர்களின் அட்சரேகை வித்தியாசமும் அதுவே. முழு வட்டத்தில் இது 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்குத் தூரம் சுமார் 555 கி.மீ.; சாலைத் தூரத்தை எடுக்கக் கூடாது. 72-ஆல் பெருக்கினால் 39,960 கி.மீ. துருவங்கள் வழியாக அளந்த சுற்றளவோ 40,008 கி.மீ.!

இவ்வளவு துல்லியம் முதல் முயற்சியில் வராது. சூரியன் வட்டுபோல் தெரிவதால் நிழல் நுனி கிட்டத்தட்ட ஒரு செ.மீ. அகலத்துக்கு மங்கலாக இருக்கும். அந்த மங்கலின் நடுவையே எப்போதும் குறிக்க வேண்டும். அரை செ.மீ. பிசகினாலும் விடை 2,000 கி.மீ.க்கு மேல் மாறிவிடும். எங்கே பிசகியது என்று பிள்ளைகள் தேடுவதுதான் இந்தப் பாடத்தின் சிறந்த பகுதி. ஆசிரியர் அவசரப்பட்டு விடையைத் திருத்த வேண்டாம்.

அன்று மேகம் மறைத்தால் வேறொரு நாளில் இரு பள்ளிகளும் அளக்கலாம். நிழல்கள் ஒரே பக்கம் விழுந்தால் கோணங்களைக் கழிக்க வேண்டும், எதிரெதிரே விழுந்தால் கூட்ட வேண்டும். துணைப் பள்ளியை மட்டும் ஜூன் மாதமே பேசி வைத்துவிடுவது நல்லது.