ஆய்வறிக்கைகளின் அமைப்பு – ஓர் ஒப்பீடு

நுழையும்முன்

புதிய மருந்து, புதிய கருவி, புதிய மென்பொருள் எனத் தொழில்நுட்பச் செய்திகள் நாள்தோறும் வெளிவருகின்றன. அவற்றுள் மெய்யெது, மிகையெது எனப் பிரித்தறிவது எங்ஙனம்? ஒவ்வொரு செய்திக்கும் அடியில் ஓர் ஆய்வறிக்கை இருக்கிறது. அவ்வறிக்கை எத்தகைய உறுப்புகளால் ஆனது என்பதை அறிந்தவர், அதன் துறையில் வல்லுநராக இல்லாவிடினும் அதனிடம் உரிய வினாக்களை எழுப்ப இயலும். அவ்வகை வாசிப்பிற்கு வழிகாட்டுகிறது இப்பாடம்.

அறிக்கையின் பணி

ஆய்வாளர் ஒருவர் தம் கண்டுபிடிப்பைக் கண்டார் என்பதோடு அறிவியல் நிறைவடைவதில்லை. அவர் கண்டதைப் பிறரும் காண வேண்டும். காண இயலாவிடில் அதனை மறுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்திற்கு வெளியே இருப்பவர்க்கு அவ்வாய்ப்பைத் தருவது அறிக்கையே. ஆகவே, முடிவை அறிவிப்பது அறிக்கையின் பாதிப் பணி. அம்முடிவைச் சோதித்தறிய வழிவிடுவது அதன் மறுபாதி. அறிக்கையின் அமைப்பு என்பது அவ்வழியின் வரைபடம் ஆகும்.

நூலுக்கு உறுப்பு வகுக்கும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. ஆக்கியவர் யார், எதன்வழி வந்தது, எதைப் பற்றியது, யாருக்கு உரியது, பயன் என்ன என்பவற்றை நூலின் முகப்பிலேயே கூறவேண்டும் எனச் சிறப்புப்பாயிர இலக்கணம் வரையறுக்கிறது. படிக்கப் புகுவோர் நூலின் எல்லையை முன்னரே அறிதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நான்கு உறுப்புகள்

1665ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய 'பிலாசபிகல் டிரான்சாக்சன்ஸ்' உலகின் தொன்மையான அறிவியல் இதழ்களுள் ஒன்று. அக்காலக் கட்டுரைகள் பெரும்பாலும் கடித வடிவில் அமைந்தன. கண்டதைக் கண்டவாறு எழுதினர், உட்தலைப்புகள் இல்லை. ஆய்வுகள் பெருகியபோது இம்முறை போதாமல் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முன்னுரை, ஆய்வுமுறை, முடிவுகள், கலந்தாய்வு என்னும் நான்கு உறுப்புகள் கொண்ட அமைப்பு, குறிப்பாக மருத்துவ இதழ்களில், நிலைபெற்றது.

ஒவ்வோர் உறுப்பும் ஒரு வினாவிற்கு விடையளிக்கிறது. ஆய்வு ஏன் மேற்கொள்ளப்பட்டது? எவ்வாறு செய்யப்பட்டது? என்ன கிடைத்தது? கிடைத்ததன் பொருள் யாது; அது எதுவரை செல்லும்? இந்நான்கு வினாக்களையும் அளவுகோலாகக் கொண்டால், வெவ்வேறு துறைகளின் அறிக்கைகளை ஒப்பிட்டுக் காணலாம்.

தடுப்பூசி ஆய்வறிக்கை

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் எம்.ஆர்.என்.ஏ. என்னும் புதிய தொழில்நுட்பத்தில் தடுப்பூசிகள் உருவாயின. அவற்றுள் பைசர், பயோஎன்டெக் நிறுவனங்களின் தடுப்பூசி குறித்த ஆய்வறிக்கை 2020 திசம்பரில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளிவந்தது. நான்கு உறுப்பு அமைப்பிற்கு இது தக்க சான்று.

ஆய்வுமுறைப் பகுதி, பங்கேற்றோர் எவ்வாறு இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர் என்பதை விளக்குகிறது. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினர்க்குத் தடுப்பூசியும் மற்றொரு பிரிவினர்க்கு மருந்தற்ற உப்புநீர் ஊசியும் செலுத்தப்பட்டன. யாருக்கு எது செலுத்தப்பட்டது என்பதைப் பங்கேற்றோர் அறியார். முடிவுகள் பகுதி எண்களைத் தருகிறது. ஊசி செலுத்திக்கொண்டோர் 43,448 பேர். இரு பிரிவினரும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையினர். இரண்டாம் தவணைக்கு ஏழு நாள்களுக்குப் பின் நோயுற்றவர்கள் தடுப்பூசிப் பிரிவில் 8 பேர். மற்றப் பிரிவில் 162 பேர். 162க்கு எதிராக 8 என்னும் இவ்விரு எண்களைக் கொண்டே பள்ளி மாணவரும் 95 விழுக்காடு என்னும் செயல்திறனைக் கணக்கிட்டுவிடலாம். முடிவை மட்டும் கூறாமல், முடிவிற்கு வந்த கணக்கையும் படிப்பவர் கையில் தருவது இவ்வமைப்பின் சிறப்பு.

கலந்தாய்வுப் பகுதி அறிக்கையின் எல்லையைக் கூறுகிறது. பாதுகாப்பு எவ்வளவு காலம் நீடிக்கும், அறிகுறியற்ற தொற்றைத் தடுப்பூசி தடுக்குமா, சிறுவர்க்கும் கருவுற்ற பெண்களுக்கும் இம்முடிவு பொருந்துமா என்பவற்றுக்கு அவ்வாய்வில் விடை இல்லை என அறிக்கையே வெளிப்படையாக உரைத்தது. '95 விழுக்காடு' என்னும் எண் உலகெங்கும் பரவியது. இவ்வெல்லைகள் அவ்வளவாகப் பரவவில்லை. தடுப்பூசி செலுத்திக்கொண்டோர்க்குப் பின்னர்த் தொற்று ஏற்பட்டபோது அறிக்கை பொய்த்துவிட்டதாகப் பலர் கருதினர். தொற்று அறவே நேராது என அறிக்கை ஓரிடத்திலும் கூறவில்லை. தலைப்புச் செய்தியோடு நின்றோர்க்கும் இறுதிப் பகுதிவரை படித்தோர்க்கும் இடையே இருந்த வேறுபாடு இதுவே.

தெரிந்து தெளிவோம்

மருத்துவ ஆய்வுகளை அறிக்கையாக்குவதற்கான 'கன்சார்ட்' நெறிமுறை 1996ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. எத்தனை பேர் ஆய்வில் சேர்ந்தனர், எத்தனை பேர் இடையில் விலகினர், எத்தனை பேரின் தரவுகள் இறுதிக் கணக்கில் சேர்ந்தன என்பதைப் படமாக வரைந்து காட்டவேண்டும் என அது வலியுறுத்துகிறது. விலகியோரை மறைத்து முடிவை அழகுபடுத்துவதை இப்படம் கடினமாக்குகிறது.

கணினி ஆய்வறிக்கை

செயற்கை நுண்ணறிவுத் துறையின் போக்கை மாற்றிய ஆய்வறிக்கை ஒன்று 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. எட்டு ஆய்வாளர்கள் இணைந்து எழுதிய அது, 'டிரான்ஸ்பார்மர்' என்னும் புதிய கட்டமைப்பை அறிமுகப்படுத்தியது. இன்றைய உரையாடு மென்பொருள்கள் பலவற்றுக்கும் இக்கட்டமைப்பே அடிப்படை.

இதன் அமைப்பு தடுப்பூசி அறிக்கையினின்று வேறுபட்டது. முன்னுரைக்கும் பின்னணிக்கும் அடுத்து, புதிய கட்டமைப்பு படத்துடன் விளக்கப்படுகிறது. பின்னர், அது ஏன் பழைய முறைகளினும் மேலானது என்னும் வாதமும், அதனைப் பயிற்றுவித்த முறையும், முடிவுகளும் இடம்பெறுகின்றன. எட்டு வரைகலைச் செயலிகள் கொண்ட ஒரு கணினியில் மூன்றரை நாள் பயிற்சி அளிக்கப்பட்டது என்பது வரை குறிப்பிடப்பட்டுள்ளது.

முடிவுகளின் உயிர்நாடி அட்டவணையே. ஆங்கிலத்திலிருந்து செருமன் மொழிக்கு மாற்றும் பொதுத் தேர்வில் இக்கட்டமைப்பு 28.4 மதிப்பெண் பெற்றது. முந்தைய கட்டமைப்புகளின் மதிப்பெண்கள் அதே அட்டவணையில் அருகருகே தரப்பட்டுள்ளன. மற்றோர் அட்டவணை, கட்டமைப்பின் கூறுகளை ஒவ்வொன்றாக மாற்றினால் மதிப்பெண் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டுகிறது. இயந்திரத்தின் எப்பகுதி உண்மையில் வேலை செய்கிறது என்பதை அறிய இவ்வட்டவணை உதவுகிறது.

ஆயினும், மருத்துவ அறிக்கையில் உள்ளதுபோல் குறைகளைத் தனியே ஆராயும் பகுதி இதில் இல்லை. அக்காலக் கணினித் துறையில் அது வழக்கமாகவும் இல்லை. இவ்வறிக்கை இடம்பெற்ற அதே மாநாடு, 2021 முதல் ஆய்வாளர்கள் நிறைவு செய்யவேண்டிய சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆய்வின் எல்லைகள் யாவை, பயன்படுத்திய கணிப்பொறி ஆற்றல் எவ்வளவு என்னும் வினாக்கள் அதில் உள்ளன. துறை முதிர முதிர, அதன் அறிக்கைகளின் அமைப்பும் முதிர்வதை இது காட்டுகிறது.

அரசுகளுக்கான மதிப்பீட்டறிக்கை

மூன்றாம் வகை அறிக்கை புதிய சோதனை எதையும் செய்வதில்லை. முன்னரே வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிறது. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளிடைக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இவ்வகையினது. சூரிய மின்னாற்றல், மின்கலம், காற்றிலிருந்து கரியமில வாயுவை அகற்றுதல் முதலிய தொழில்நுட்பங்களை அது மதிப்பிடுகிறது.

இங்கு வரிசை தலைகீழாகிறது. முடிவுகள் முதலில் நிற்கின்றன. கொள்கை வகுப்போர்க்கான சுருக்கம், அடுத்துத் தொழில்நுட்பச் சுருக்கம், அதன்பின் 17 இயல்கள் என அது விரிகிறது. படிப்பவர் அமைச்சரோ அதிகாரியோ ஆதலால், அவருக்கு வேண்டியது முகப்பிலேயே கிடைக்கிறது. எனினும், சுருக்கத்தின் ஒவ்வொரு முடிவின் இறுதியிலும் அதற்கான சான்று எந்த இயலின் எப்பகுதியில் உள்ளது என்னும் குறிப்பு இருக்கிறது. ஐயுறுவோர் அங்குச் சென்று பார்க்கலாம்.

சொல்லாட்சியிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 'வாய்ப்புண்டு' எனில் 66 விழுக்காட்டிற்குக் குறையாத வாய்ப்பு; 'மிகவும் வாய்ப்புண்டு' எனில் 90 விழுக்காட்டிற்குக் குறையாத வாய்ப்பு என இக்குழு சொற்களுக்கு அளவு வகுத்துள்ளது. நாளை நடப்பதைப் பற்றிப் பேசும் அறிக்கையில், உறுதியின் அளவைச் சொல்வதும் சான்று தருவதன் ஒரு பகுதியே.

பொய்த்த முடிவும் பயன்பட்ட அமைப்பும்

2023 சூலை மாதத்தில் தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர், 'எல்கே-99' என்னும் பொருள் குறித்த அறிக்கைகளை, இதழாசிரியர் மதிப்பீட்டிற்கு முன்னரே கட்டுரைகளை வெளியிடும் 'ஆர்க்சிவ்' தளத்தில் பதிவு செய்தனர். ஈயம், செம்பு, பாஸ்பரசு, ஆக்சிசன் ஆகியவை கலந்த அப்பொருள், இயல்பான அழுத்தத்தில், அறை வெப்பநிலையிலும் மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் என அவர்கள் கூறினர். அது மெய்யாயின் மின்துறையே மாறியிருக்கும். உலகெங்கும் பரபரப்பு எழுந்தது.

அவ்வறிக்கையில் செய்முறை இருந்தது. எவ்வெப்பொருள்களை எவ்வளவு வெப்பத்தில் எத்தனை மணிநேரம் சூடாக்க வேண்டும் என்பது கூறப்பட்டிருந்தது. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உள்ளிட்ட பல நாட்டு ஆய்வகங்கள் அதே செய்முறையைப் பின்பற்றி அப்பொருளை உருவாக்கின. மீக்கடத்துதிறன் தென்படவில்லை. மின்தடை திடீரெனக் குறைந்ததற்குக் காரணம், கலப்படமாகச் சேர்ந்திருந்த செம்பு சல்பைடு ஏறத்தாழ 104 பாகை செல்சியசு வெப்பநிலையில் அடையும் மாற்றமே எனக் கண்டறியப்பட்டது. செருமனியின் மாக்சு பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் கலப்படமற்ற படிகத்தை உருவாக்கினர். அது மின்கடத்தாப் பொருளாகவே இருந்தது. சில வாரங்களில் ஐயம் தீர்ந்தது.

முடிவு பொய்த்தது; ஆனால், செய்முறை என்னும் உறுப்பு தன் கடமையைச் செய்தது. பொய்யென மெய்ப்பிக்க வழிவிட்டதும் அறிவியலுக்குச் செய்த பணியே.

விடுபட்ட உறுப்பு

இதற்கு மறுதலையான நிகழ்வு 2024 மே மாதத்தில் நேர்ந்தது. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் 'ஆல்பாபோல்டு' மென்பொருளின் மூன்றாம் பதிப்பு குறித்த அறிக்கை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 2021இல் வெளிவந்த முந்தைய பதிப்பின் அறிக்கையோடு நிரல்களும் பொதுவில் வைக்கப்பட்டிருந்தன. இம்முறை நிரல்கள் தரப்படவில்லை. அவற்றின் சுருக்க விளக்கமும், வரம்புடன் பயன்படுத்தத்தக்க இணைய வசதியுமே தரப்பட்டன. முடிவுகள் பொய் என எவரும் கூறவில்லை. அவற்றைச் சோதித்தறியும் வழி அடைபட்டுள்ளது என்பதே அறிவியலாளர்கள் இதழுக்கு எழுதிய திறந்த மடலின் குறை. அதே ஆண்டு நவம்பரில், கல்வித்துறைப் பயன்பாட்டிற்காக நிரல்கள் வெளியிடப்பட்டன.

இவ்விரு நிகழ்வுகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. பிழையான முடிவைக் கொண்ட அறிக்கையும், உறுப்புகள் நிறைந்திருப்பின், திருத்திக்கொள்ள உதவும். சரியான முடிவைக் கொண்ட அறிக்கையும், ஓர் உறுப்பு குறைந்திருப்பின், எழுதியவரை நம்புமாறு கேட்பதாகவே நின்றுவிடும்.

ஒப்பீட்டின் பயன்

தடுப்பூசி அறிக்கை மனிதர்களைக் கணக்கிட்டது. கணினி அறிக்கை மதிப்பெண்களை நிரல்படுத்தியது. மதிப்பீட்டறிக்கை பிறர் ஆய்வுகளை எடைபோட்டது. படிப்போரும் தேவையும் வேறாதலின் உறுப்புகளின் வரிசையும் அளவும் வேறுபட்டன. 'எவ்வாறு அறிந்தீர்?', 'எதுவரை அறிந்தீர்?' என்னும் இரு வினாக்களுக்கு விடையிருத்தல் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. நாளை ஒரு புதுமை அறிவிக்கப்படும்போது, அதன் அறிக்கையில் இவ்விரு விடைகளும் எங்குள்ளன எனத் தேடுபவரே அதன் உண்மையான வாசகர்.

கற்பவை கற்றபின்...

1. நாளிதழில் வெளிவந்த தொழில்நுட்பச் செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நான்கு உறுப்புகளுள் எவற்றுக்கு அதில் விடை உள்ளது, எவற்றுக்கு இல்லை எனப் பட்டியலிடுக.

2. வேதியியல் ஆய்வகத்தில் செய்த சோதனை ஒன்றை, வேறு பள்ளி மாணவர் படித்துத் தாமே செய்து பார்க்கும் வகையில் அறிக்கையாக எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. ஆய்வறிக்கையின் நான்கு உறுப்புகள் யாவை?
2. மதிப்பீட்டறிக்கையில் முடிவுகள் முதலில் இடம்பெறுவது ஏன்?

சிறுவினா
1. மருத்துவ ஆய்வறிக்கையையும் கணினி ஆய்வறிக்கையையும் ஒப்பிடுக.
2. 8, 162 என்னும் எண்களைக் கொண்டு தடுப்பூசியின் செயல்திறனைக் கணக்கிட்டு விளக்குக.

நெடுவினா
1. 'பொய்யென மெய்ப்பிக்க வழிவிட்டதும் அறிவியலுக்குச் செய்த பணியே' – இக்கூற்றை எல்கே-99, ஆல்பாபோல்டு நிகழ்வுகளின்வழி ஆராய்க.