கோடிங் தெரியாமலே வலைத்தளம்: மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பவானியில் ஜமக்காளம் விற்கிறீங்களா? ஈரோட்டில் மஞ்சள் அரைத்து பாக்கெட் போடுறீங்களா? கோவையில் வெட் கிரைண்டர் கடை வைத்திருக்கீங்களா? இந்த மூன்று பொருளும் புவிசார் குறியீடு பெற்றவை. வெளியூர்க்காரர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லியே இவற்றைத் தேடுகிறார்கள். அப்படித் தேடுபவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி: "உங்க வெப்சைட் என்னங்க?"

கோடிங் தெரியாதே என்று தயங்க வேண்டாம். படத்தையும் எழுத்தையும் இழுத்து வைத்தாலே பக்கம் தயாராகும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. ஆனால், எது சுலபம் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பிறகு சிக்கல் வரலாம்.

2024 மார்ச்சில் நடந்தது

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு, அதனுடனேயே ஓர் எளிய வலைத்தளத்தை கூகுள் இலவசமாகத் தந்து வந்தது. பெயர், படம், போன் நம்பர் கொடுத்தால் போதும். முகவரி 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும். உலகம் முழுக்கச் சிறு கடைக்காரர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். 2024 மார்ச்சில் கூகுள் இந்தச் சேவையை நிறுத்திவிட்டது. பழைய முகவரிக்கு வந்தவர்களை அந்த ஆண்டு ஜூன் 10 வரை கடையின் மேப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அதன் பிறகு அந்த முகவரி வேலை செய்யவில்லை. விசிட்டிங் கார்டிலும் பையிலும் அதை அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் சொந்தமாக டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கி வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. வேறு மென்பொருளில் புதுத் தளம் அமைத்து, அதே முகவரியை அதனுடன் இணைத்தால் போதும்.

இதை இப்படி நினைத்துக்குங்க. மென்பொருள் என்பது வாடகைக் கடை. டொமைன் என்பது உங்க பெயர்ப்பலகை. கடையைக் காலி செய்தாலும் பலகை உங்களோடு வரும். இலவச முகவரியில் அந்தப் பலகையே கடை ஓனருடையது.

படி 1: முதலில் பெயர்ப்பலகை

'டாட் இன்' முகவரிகளை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. அங்கீகாரம் பெற்ற விற்பனை நிறுவனங்களிடம் ஆண்டுக் கட்டணம் கட்டி வாங்கலாம். முதல் ஆண்டு விலை குறைவாகவும், புதுப்பிக்கும் விலை அதிகமாகவும் இருக்கலாம். இரண்டையும் பாருங்க.

முக்கியமானது: டொமைன் உங்க பெயரில், உங்க மின்னஞ்சலில், உங்க மொபைல் எண்ணில் பதிவாக வேண்டும். தளம் அமைத்துத் தருபவர் தெரிந்த தம்பியாகவே இருந்தாலும், அவர் மின்னஞ்சலில் வாங்கவிடாதீங்க. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் தகவல் உங்களுக்கு வராது.

படி 2: தேவை என்ன?

கடை விவரம் மட்டும் போதுமா? ஆன்லைனில் விற்க வேண்டுமா? அடிக்கடி புதுப் பதிவு போட வேண்டுமா? இதற்கு விடை தெரிந்தால் தேர்வு சுலபம்.

• கூகுள் சைட்ஸ்: கூகுள் கணக்கு இருந்தால் இலவசம். சொந்த டொமைனை இணைக்கலாம். விற்பனைக்கான கூடை வசதி இல்லை. ஆர்டர் வாங்க கூகுள் ஃபார்ம் சேர்த்துக்கலாம். பக்கம் அமைக்கக் கணினிதான் வசதி. கடை விவரம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஏற்றது.

• வேர்ட்பிரஸ்: இதில் இரண்டு வகை. 'டாட் காம்' வகையில் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சொந்த டொமைன் இணைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். 'டாட் ஆர்க்' வகையில் மென்பொருள் இலவசம், ஆனால் ஹோஸ்டிங்கும் அப்டேட்டும் உங்க பொறுப்பு. இரண்டிலும் உங்க பதிவுகளை வெளியே எடுத்துப்போக முடியும்.

• விக்ஸ்: வடிவமைக்க மிகச் சுலபம். இலவசத் திட்டத்தில் அவர்களின் விளம்பரம் தெரியும், சொந்த டொமைன் இணைக்க முடியாது. கட்டிய தளத்தை அப்படியே வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது.

• ஜோஹோ சைட்ஸ்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் கட்டணச் சேவை. ஆன்லைன் விற்பனைக்கு ஜோஹோ காமர்ஸ் தனியாக உள்ளது.

படி 3: பணம் கட்டும் முன் 5 கேள்விகள்

1. சொந்த டொமைனை எந்தத் திட்டத்தில் இணைக்கலாம்?
2. இரண்டாம் ஆண்டு எவ்வளவு? 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த விலையா?
3. விலகினால் எதையெல்லாம் எடுத்துப்போகலாம்?
4. தமிழ் எழுத்து மொபைலில் சரியாகத் தெரிகிறதா? விலை குறைந்த போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்க.
5. விலையையோ படத்தையோ மாற்ற யாருடைய உதவியும் இல்லாமல் உங்களால் முடியுமா? இலவச முன்னோட்டக் காலத்திலேயே ஒருமுறை மாற்றிப் பாருங்க.

படி 4: தளம் வந்த பிறகு

விலைப்பட்டியலைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்க. தேடுபவர்கள் கண்ணில் சுலபமாகப் படும். எல்லாப் படங்களும் குறிப்புகளும் உங்க போனிலோ கணினியிலோ ஒரு நகல் இருக்கட்டும்.

தளம் வழியே விற்கிறீங்க என்றால், 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளையும் கவனியுங்க. நிறுவனப் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்க்கும் அலுவலர் விவரம் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

"உங்க டொமைன் இன்றோடு முடிகிறது, உடனே பணம் கட்டுங்க" என்று மெசேஜ் வந்தால், அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீங்க. டொமைன் வாங்கிய தளத்துக்கு நேரடியாகப் போய்ப் பாருங்க. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

உங்க கடைப் பெயரில் டொமைன் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்க. ஏற்கெனவே தளம் இருந்தால், டொமைன் யார் மின்னஞ்சலில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்பதைக் கேட்டு டைரியில் குறித்து வைங்க. மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கலாம். பெயர் கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டமுங்க.