பெயரைப் பார்த்துப் புள்ளி

நான் ஆசிரியராயிருந்த காலத்தில், ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் இரண்டு கொப்பிகளை என் மேசையில் விரித்து வைத்தான். ஒன்று அவனுடையது, மற்றது ஒரு வைத்தியரின் மகளுடையது. ஒரே கேள்வி, ஏறக்குறைய ஒரே விடை. அவளுக்கு நான் இட்ட புள்ளி 8, அவனுக்கு 5. “ஏன் சேர்?” என்று மட்டும் கேட்டான். எழுத்துத் துப்புரவில்லை என்று ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் தகப்பன் கடற்றொழிலாளி.

வேண்டுமென்று ஓரவஞ்சனை செய்யவில்லை என்று இன்றும் சொல்வேன். வில்லங்கமே அதில்தான் இருக்கிறது. வேண்டுமென்று செய்த குற்றமானால் ஆன்ம சோதனையில் அகப்பட்டிருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வேர்ட் தோண்டைக், படை அதிகாரிகள் தம் கீழ் உள்ளவர்களுக்கு வழங்கிய மதிப்பீடுகளை ஆராய்ந்து 1920இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடற்கட்டில் சிறந்தவன் என்று குறிக்கப்பட்டவனே பெரும்பாலும் புத்தியிலும் தலைமையிலும் குணத்திலும் சிறந்தவனாகக் குறிக்கப்பட்டிருந்தான். ஒரு சிறப்பைக் கண்டதும் மற்றவையும் இருப்பதாக மனம் எண்ணிக்கொள்கிறது. இதை அவர் ஒளிவட்டம் என்றார். ஆம், நம் சுரூபங்களில் அர்ச்சிஷ்டவர்களின் தலையைச் சூழ்ந்திருக்கும் அதே ஒளிவட்டந்தான். நாமோ அதைத் துப்புரவான சட்டைக்கும் அழகான கையெழுத்துக்கும் சூட்டிவிடுகிறோம்.

கணிதம் தப்பும் என்று நினைக்க வேண்டாம். 1913இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே கேத்திரகணித விடைத்தாளின் பிரதிகளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தனர். 90க்கு மேல் இட்டவரும் உண்டு. 30க்குக் கீழே இட்டவரும் உண்டு.

பெயர் கூடப் புள்ளியை அசைக்கும். 1973இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுவர் கட்டுரைகள் டேவிட், மைக்கேல் போன்ற விரும்பப்படும் பெயர்களுடனும், எல்மர், ஹியூபேட் போன்ற விரும்பப்படாத பெயர்களுடனும் ஆசிரியர்களிடம் மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. விரும்பப்பட்ட பெயர்களுக்கே பொதுவாகக் கூடிய புள்ளி கிடைத்தது.

நம் நாட்டுப் பொதுப் பரீட்சைகளில் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் எழுதுவது நல்ல ஏற்பாடு. தவணைப் பரீட்சையில் அவ்வளவு வேண்டியதில்லை. கொப்பியின் முன் அட்டையை மடித்துவிட்டுத் திருத்தினாலே போதும். எந்தக் குறிப்புக்கு எத்தனை புள்ளி என்பதை முதலிலேயே எழுதிக்கொண்டு, முதலாம் கேள்வியை எல்லாருக்கும் திருத்தி முடித்த பின் இரண்டாவதுக்குப் போவது இன்னும் நல்லது.

பெற்றோரே, “மூத்தவன் கெட்டிக்காரன், இவன் மந்தம்” என்று பிள்ளையின் முன்னாலேயே ஆசிரியரிடம் சொல்வது உங்களில் எத்தனை பேர்? அடுத்த விடைத்தாளை அவர் அந்தச் சொல்லோடுதான் கையில் எடுப்பார். யாகப்பர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தைக் குடும்பமாக ஒருமுறை வாசியுங்கள். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனம் கொடுத்தவர்களும் செபக்கூட்டத்துக்கு வந்தவர்களே.

மறுநாள் அந்தப் பையனின் கொப்பியைக் கேட்டு வாங்கி, 5ஐ வெட்டி 8 என்று எழுதினேன். வகுப்பின் முன் அதைச் சொல்லும் துணிவு மட்டும் எனக்கு வரவில்லை.