நெடுந்தீவு: கேள்விப்பட்டதும் உள்ளதும்

மருதனார்மடச் சந்தியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போகவேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் நெடுந்தீவு. கரீபியன் தீவுகளின் படங்களைப் பார்த்து ஏங்கும் எங்கள் பிள்ளைகளில் பலர் இந்தத் தீவை இன்னும் கண்டதில்லை. போய் வந்தவர்களும் சில தவறான நம்பிக்கைகளைச் சுமந்து வருகிறார்கள்.

தீவில் கட்டின்றித் திரியும் குதிரைகளிலிருந்தே தொடங்கலாம். அவை தீவுக்கே உரிய காட்டுக் குதிரைகள் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் இங்கே குதிரை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அந்த வளர்ப்பைக் கவனித்தார். இடிந்த இலாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. வளர்ப்பு நின்றபின் கட்டவிழ்ந்து பெருகியவற்றின் சந்ததிதான் இன்றைய மட்டக்குதிரைகள். கரீபியன் கடலின் வியேக்கஸ் தீவில் கட்டின்றித் திரியும் குதிரைகளும் ஸ்பானியர் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவையே. மனிதர் கொண்டுவந்து விட்ட உயிர்கள் என்றால் மனிதருக்கு அவற்றின்மேல் கடமை உண்டு. நெடுந்தீவில் ஆறு இல்லை; மழை பொய்த்தால் குட்டைகள் வற்றி, தாகத்தால் குதிரைகள் மடிகின்றன. 2015இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது நல்லதே. ஆனால் கோடையில் அவற்றைக் காப்பது யாராவது நிரப்பி வைக்கும் தண்ணீர்த் தொட்டிதான். படம் எடுப்பதற்காக வாகனத்தில் அவற்றைத் துரத்துவது கொடுமை.

அடுத்தது, உயர்ந்துகொண்டே போகிறது என்று நம்பப்படும் ‘வளரும் கல்’ என்ற பவளக் கல். பூ வைத்துக் கும்பிடுகிறவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் பவளம் வளர்வது கடலுக்குள், உயிரோடு இருக்கும்போது மட்டுமே. தரையில் நிற்கும் கல் வளராது. ராட்சதப் பாதம் என்று காட்டப்படும் பள்ளமும் சுண்ணாம்புப் பாறையில் இயற்கையாக விழுந்ததே. மழைநீர் அந்தப் பாறையை மெல்லக் கரைக்கும்.

கல்வேலிகளைப் பழைய கோட்டைகளின் மிச்சம் என்று நினைப்பவர்களும் உண்டு. அவை குடும்பங்களின் வளவு எல்லைகள். எங்கள் பக்கச் செம்மண்ணில் கிடுகால் வேலி அடைத்தோம். அங்கே நிலத்தில் கிடந்த முருகைக் கற்களைப் பொறுக்கி, சாந்தில்லாமல் அடுக்கினார்கள். வேலியும் ஆயிற்று, நிலமும் பயிருக்குத் துப்புரவாயிற்று. நினைவுக்கென்று ஒரு கல்லை எடுத்து வருவது இன்னொருவர் வேலியைக் குலைப்பது.

படகு சுற்றுலாவுக்காக ஓடுகிறது என்ற எண்ணமும் தவறு. நோயாளி, ஆசிரியர், அரிசி மூட்டை எல்லாவற்றுக்கும் அதுதான் தெரு. அந்தக் கடல்வழியில் ஓடிய குமுதினிப் படகில் 1985 மே 15இல் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய நினைவிடம் நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இருக்கிறது. இறங்கியதும் அங்கே சற்று நில்லுங்கள். திரும்பும் படகின் நேரத்தை அப்போதே கேட்டு வையுங்கள். இடம் போதாவிட்டால், வைத்தியசாலைக்குப் போகிறவர்களை முதலில் ஏறவிடுங்கள்.